கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் மருத்துவமனையைப் பாருங்கள்

கலந்தாய்வு நெருங்கினால் பிளஸ் 2 முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி கிடைக்காவிட்டால் வேறு கல்லூரியில் சேரலாமா?" என்பதுதான். தாராளமாகச் சேரலாம். நான் நாமக்கல்லில் படித்தவள். இப்போது அரசு கால்நடை மருந்தகத்தில் பணிபுரிகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. ஆனால் 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவான பிறகு வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய எல்லாக் கல்லூரிகளும் அதன் கீழ்தான் வருகின்றன. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் வகுத்த பாடத்திட்டம்தான் எல்லோருக்கும். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. கையில் வாங்கும் பட்டமும் ஒன்றே.

அப்படியென்றால் வேறுபாடு எதில்? கல்லூரி மருத்துவமனைக்குள் தினமும் என்னென்ன விலங்குகள் வருகின்றன என்பதில்தான். தரவரிசைப் பட்டியல் இதைச் சொல்லாது.

ஒரு மாட்டுக்குச் சினை பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோள்வரை கையுறை போட்டு, ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதச் சினைக்கும் மூன்று மாதச் சினைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் புத்தகமும் விரலுக்குக் கற்றுத்தராது. மாடு மாடாகப் பார்த்துப் பார்த்துத்தான் அது கைவசமாகும். கன்று குறுக்கே மாறிக் கிடக்கும்போது காலைப் பிடித்துத் திருப்புவதும், வயிறு உப்பி மூச்சுத் திணறும் ஆட்டைக் காப்பாற்றுவதும் அப்படித்தான். நள்ளிரவில் ஒரு விவசாயி கைபேசியில் அழைக்கும்போது நம் மதிப்பெண் பட்டியல் உதவாது. படிக்கும் காலத்தில் எத்தனை மாடுகளைத் தொட்டோம் என்பதுதான் உதவும்.

வேப்பேரியில் நாய், பூனைகளின் வரத்து அதிகம். செல்லப்பிராணி மருத்துவம், அறுவை சிகிச்சை, ஸ்கேன் ஆகியவற்றில் நாட்டமிருந்தால் அதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. முதுநிலைப் படிப்புக்கு வழிகாட்டும் மூத்த பேராசிரியர்களும் அங்கே பல துறைகளில் இருக்கிறார்கள். 1985-ல் தொடங்கிய நாமக்கல் வேறு மாதிரி. சுற்றிலும் முட்டைக்கோழிப் பண்ணைகள். பண்ணைக்காரர்கள் இறந்த கோழிகளைக் கொண்டுவந்து தருவார்கள். நாங்களே அறுத்துப் பார்த்து, இது வெள்ளைக் கழிச்சலா, தீவனக் கோளாறா என்று ஆசிரியர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்கும். தவறான பதிலுக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. அந்தப் பொறுப்பை இருபது வயதிலேயே உணரவைத்த ஊர் என்பதால் நாமக்கல் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

ஒரத்தநாட்டில் டெல்டா விவசாயிகளின் மாடுகளும் ஆடுகளும். உடுமலைப்பேட்டையில் படித்தால் காங்கேயம் மாடுகளின் பூமி பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் நாட்டுச் செம்மறி இனங்களும் உண்டு. கிராமத்தில் வேலை பார்க்க விரும்புகிற பிள்ளை இவற்றில் ஒன்றை முதல் விருப்பமாகக் குறித்தால் நான் தடுக்கமாட்டேன்.

சேர்க்கை பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். நீட் எழுதியிருந்தால் கேரளத்தின் மண்ணுத்தி, பெங்களூரின் ஹெப்பாள், திருப்பதி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் யோசிக்கலாம். எந்த மாநிலமானாலும், தனியார் கல்லூரியானால் மிகக் கட்டாயமாக, இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

முடிந்தால் கலந்தாய்வுக்கு முன் ஒரு காலை நேரத்தில் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நில்லுங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வெளிநோயாளிப் பிரிவில் எத்தனை மாடுகள் நிற்கின்றன, மாணவர்கள் கையுறையோடு வேலை செய்கிறார்களா அல்லது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். இறுதியாண்டு அக்காவோ அண்ணனோ கிடைத்தால், "நீங்களே தனியாகக் கன்று எடுத்திருக்கிறீர்களா? இரவுப் பணியில் உங்களைச் செய்ய விடுகிறார்களா?" என்று கேளுங்கள். விடுதி, உணவு பற்றிய கேள்விகளை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.