பொட்டுவின் கொண்டை

மார்ச் 2, 2025, ஞாயிறு

காலையில் தீனி போட்டேன், எங்கள் தங்கமீன் பொட்டுவுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உருண்டைகள் முகத்துக்கு நேராகவே இறங்குகின்றன, அவள் வாயைத் திறந்து திறந்து வெறும் தண்ணீரை விழுங்குகிறாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமேல் சதைபோல வளரும் கொண்டை தொங்கி இடது கண்ணை முழுசாக மூடியிருக்கிறது, வலது கண் ஒரு கீற்றுதான் தெரிகிறது. ஓரங்களில் பாலாடை மாதிரி வெள்ளைத் திட்டு வேறு.

ரெட் கேப் ஒரண்டா என்கிற தங்கமீன் வகை. உடம்பு முழுக்க வெள்ளை, தலை மட்டும் சிவப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் பையிலிருந்து தொட்டியில் விட்டதுமே அத்தை வைத்த பெயர் பொட்டு. அன்றைக்கு நிஜமாகவே பொட்டு அளவுதான் இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில் மீன் கடையில் படத்தைக் காட்டினேன். பூஞ்சை என்று சொல்லி நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். வாங்கி வந்தேன், ஊற்ற மனம் வரவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் என்றால் துடுப்பிலும் உடம்பிலும் உப்புத்தூள் தூவியதுபோல இருக்கும், பூஞ்சை என்றால் பஞ்சுபோல இருக்கும், இது இரண்டும் இல்லை. தண்ணீரைச் சோதித்தேன், அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோராமின் கலக்கிறார்கள், ஊரில் செய்வதுபோல ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் அது போகாது, அதை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தை விட்டே ஆக வேண்டும்.

மார்ச் 8, சனி

மீன் பார்க்கும் கிளினிக் கிடைக்க ஐந்து இடங்களுக்குப் போன் செய்தேன். மூடி போட்ட வாளியில் தொட்டித் தண்ணீரோடு வைத்து டாக்ஸியில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம், மகள் வழி முழுக்க "பொட்டு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று பேசிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இது நோய் இல்லை, கட்டியும் இல்லை. கொண்டை என்பது தடித்த மேல்தோல்தான், அழகுக்காக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தது, சில மீன்களுக்கு நிற்காமல் வளர்ந்துவிடும், வெள்ளைத் திட்டுகள் புதிதாக வளரும் தோல். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கொண்டையைத்தானே காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன்!

மயக்க மருந்து கலந்த தண்ணீரில் அவள் மெல்லச் சாய்ந்தபோது பார்க்க முடியவில்லை. ஈரத்துணியில் படுக்க வைத்து, செவுளுக்குச் சிரிஞ்சால் தண்ணீர் விட்டுக்கொண்டே, கண்ணுக்கு மேலே இருந்ததை மட்டும் சின்னக் கத்தரியால் நறுக்கினார். சில நிமிஷங்கள்தான். ரத்தம் ஒரு துளி, அவ்வளவே. அத்தை பல்வலிக்கு லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாங்கும் கிராம்பு எண்ணெயிலும் மீனை மயக்கும் பொருள் இருக்கிறதாம். அதை வைத்து வீட்டிலேயே வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அளவு தப்பினால் மீன் எழுந்திருக்காது என்றார். தயவுசெய்து யாரும் முயற்சி செய்யாதீர்கள்.

மார்ச் 10, திங்கள்

தனித் தொட்டி, காற்று மோட்டார், கொஞ்சம் கல்லுப்பு. வெட்டிய இடம் வெளிறியிருக்கிறது, பஞ்சு எதுவும் பிடிக்கவில்லை. பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து வாயருகே நீட்டினேன், ஒன்றரை சாப்பிட்டாள். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மார்ச் 16, ஞாயிறு

பெரிய தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். கொண்டை மறுபடி வளரும், சில மாதங்களில் திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், சரி, வரட்டும். இனி மாதம் ஒரு தடவை பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைக்கப் போகிறேன், தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியவே தெரியாது.

சாயங்காலம் மகள் கண்ணாடியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள், இடது பக்கமாக. பொட்டு திரும்பிப் பார்த்துவிட்டு விரல் பின்னாலேயே போனாள்.