சித்திரை ஒண்ணுக்குள்ள சர்வரைத் தேத்தணும்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு, செம்பூர் (மும்பை)

இன்னைக்கு ராம நவமி. காலைல ஆறு மணிக்கெல்லாம் நம்ம பஞ்சாங்க சைட்ல கூட்டம் ஏறிடுச்சு, பேஜ் தெறக்கவே எட்டு பத்து செகண்ட் ஆகுது. சைட் ஓடுற கம்ப்யூட்டர், அதான் சர்வர்னு பாத்தா ரெண்டு கோர் (ஒரே நேரத்துல ரெண்டு வேலைதான் பாக்கும்), 4 ஜிபி ராம், வாடகை மெஷின். "பெருசா மாத்திடுடா"ன்னு தாராவிலருந்து மச்சான் போன்ல சொல்றான். எனக்கு அதுல சம்மதமில்ல. விளம்பரம் போடாம சம்பளத்துலருந்து நடத்துற சைட், எங்க திணறுதுன்னே தெரியாம காசைக் கொட்ட மனசு வரல. வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம், திங்கள் சித்திரை ஒண்ணு, அதுக்குள்ள சரி பண்ணியாகணும்.

ஏப்ரல் 8

டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்விதான் குவெரி, அதுல ரொம்ப நேரம் எடுக்குறதைக் குறிச்சு வைக்குற ஸ்லோ குவெரி லாக்கை ஆன் பண்ணேன். நம்ம டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், அதுல 10 செகண்டுக்கு மேல ஆனாத்தான் குறிக்கும்ங்கறது டீஃபால்ட், அப்படியே விட்டா ஒண்ணும் சிக்காது, அரை செகண்டுக்கு எறக்கிட்டேன். ராத்திரி வந்து பாத்தா லாக் முழுக்க ஒரே குவெரி, ஒரு ஊருக்கு இந்த மாச விசேஷ நாளெல்லாம் எடுக்குறது. குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் போட்டா 'ஆல்'னு வருது, அதாவது லட்சக்கணக்கான வரியை ஒண்ணுவிடாம படிக்குது. தேதிக்கு இண்டெக்ஸ், அதாவது எல்லாத்தையும் படிக்காம நேரா வேண்டிய வரிக்குப் போக உதவுற பட்டியல், இருக்கு, ஆனா குவெரில தேதி ஃபீல்டு வருஷம், மாசம் பிரிச்செடுக்குற இயர், மன்த் ஃபங்ஷனுக்குள்ள மாட்டியிருக்கு, அப்படி இருந்தா இண்டெக்ஸ் உதவாது. மாசத்தோட மொத தேதி, கடைசி தேதின்னு பிட்வீனுக்கு மாத்திட்டு ஊரு முன்னாடி, தேதி பின்னாடின்னு ரெண்டுக்கும் சேத்து ஒரே இண்டெக்ஸ் போட்டேன். அந்த வரிசை ரொம்ப முக்கியம். இப்ப முப்பது வரிதான் படிக்குது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

ஏப்ரல் 9

டேட்டாபேஸ் வேலை பாக்குற மாட்டுங்கா அண்ணாச்சி சாயங்காலம் வந்தாரு. டேட்டாவை ராம்ல வச்சுக்குற இடமான இன்னோடிபி பஃபர் பூல் டீஃபால்ட் 128 எம்பிலயே கெடந்துச்சு, நம்ம டேட்டாவே ஒரு ஜிபி, அதனால ஒன்றரை ஜிபி குடுத்தோம். அப்புறம் பேஜைத் தயார் பண்ற பிஹெச்பி. ஒரு பிராசஸ் (ஒரு நேரத்துல ஒருத்தருக்குப் பேஜ் தயார் பண்றது) 50 எம்பி வரைக்கும் திங்குது, அறுபது பிராசஸ் வரை போகலாம்னு செட்டிங், அப்ப அதுக்கே 3 ஜிபி, மிச்சத்துக்கு ராம் பத்தாம மெஷின் ஸ்வாப்புக்கு, அதாவது மெதுவான டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்துறதுக்குப் போயிடும், போனா எல்லாம் நின்னுடும். "இருபது போதும் தம்பி"ன்னாரு. "கூட்டம் வந்தா மத்தவங்க காத்துக் கெடப்பாங்களே அண்ணாச்சி"ன்னேன். "ரெண்டு தோசைக்கல்லுல அறுபது தோசை ஊத்துவியாடே? வரிசைல நின்னா சீக்கிரம் கெடைக்கும்"னு சொன்னாரு. டெஸ்ட் பண்ணிப் பாத்தா நெஜமாவே அப்படித்தான், இருபதுலதான் வேகம்.

ஏப்ரல் 11, பங்குனி உத்திரம்

தாங்கிச்சு. ஆனா டேட்டாபேஸ் இன்னும் சும்மா உழைக்குது. ராகு காலம்ங்கறது சூரிய உதயத்துலருந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டாப் பிரிச்சு, கிழமைக்கு ஒரு பங்கு, திங்கள்னா ரெண்டாவது. சென்னைல ஏழரைக்கு ஆரம்பிக்குதுன்னா இங்க மும்பைல ஏறக்குறைய அரை மணி தள்ளி. ஊரு மாறினா மாறும், நாள் மாறினா மாறும், ஆள் மாறினா மாறாது! அப்புறம் எதுக்கு ஒவ்வொருத்தருக்கும் புதுசா கணக்குப் போடணும்? பிஹெச்பிக்கு முன்னாடி நிக்குற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், அதோட கேஷ்ல (தயாரான பேஜை வச்சுக்குற இடம்) ஊரு, தேதி வச்சு பேஜையே சேமிச்சுட்டேன். மொதல்ல சேமிக்கவே மாட்டேன்னுச்சு, ஏன்னா பிஹெச்பி ஒவ்வொரு ஆளையும் அடையாளம் வச்சுக்க செஷன் குக்கி அனுப்புது, குக்கி வந்தா என்ஜின்எக்ஸ் சேமிக்காது. பொதுப் பேஜ்ல செஷனையே எடுத்தாச்சு. கேஷ் லாக்கும் (பூட்டு) போட்டிருக்கேன், கேஷ்ல இல்லாத பேஜை நூறு பேர் ஒண்ணா கேட்டாலும் ஒரே ஒரு ரெக்வெஸ்ட்தான் பிஹெச்பிக்குப் போகும்.

பார்வை எண்ணிக்கை வேற ஒவ்வொரு தடவையும் ஒரே வரியை அப்டேட் பண்ணி, ஒண்ணு முடியுற வரைக்கும் மத்தது பூட்டுல வரிசை கட்டுது, அதை ராம்லயே எண்ணி வைக்குற ரெடிஸுக்கு மாத்தி நிமிஷத்துக்கு ஒருவாட்டி மொத்தமா டேட்டாபேஸ்ல எழுதுறேன்.

ஏப்ரல் 13, ராத்திரி

தேதி மாறுறப்ப எல்லா ஊரு பேஜும் புதுசு, அதனால முன்கூட்டியே, சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டுற கிரான்ல ஒவ்வொண்ணா கூப்பிட்டு வச்சுடுறேன். சிங்கப்பூர், மலேசியாக்காரங்களுக்கு நம்ம ஒன்பதரைக்கே பன்னெண்டு மணி, அவங்களுக்கு எட்டரைக்கே ஓட்டியாச்சு.

ஏப்ரல் 14, விசுவாவசு வருஷப் பிறப்பு

விடியக்காலை அஞ்சுலருந்து ஒன்பது வரைக்கும் செம கூட்டம். லோடு, அதாவது சராசரியா எத்தனை வேலை ஓடுது, காத்திருக்குதுங்கற கணக்கு, ஒண்ணைத் தாண்டல, மெமரில பாதி சும்மா இருக்கு. மச்சான் கூப்பிட்டு "மெஷினை மாத்திட்டியா?"ன்னு கேட்டான், அதே மெஷின்தான்னு சொன்னேன். தேடல் பேஜ் மட்டும் இழுக்குது, வார்த்தையைத் தேடுற லைக்ல முன்னாடி பர்சென்ட் குறி ('முன்னாடி எது வேணா இருக்கலாம்'னு அர்த்தம்) போட்டுத் தேடுறதால இண்டெக்ஸைத் தொடவே மாட்டேங்குது. பாயசம் குடிச்சுட்டு அதுலதான் ஒக்காரப் போறேன்.