பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு டம்ளர் காபி

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டால், "கை சரியாகணும்" என்பார். அன்றாட வேலைகளை மறுபடி தானே செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் அதோடு விட்டுவிடக் கூடாது. "கை சரியானா முதல்ல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்ட பிறகுதான் "காலையில என் காபியை நானே போட்டுக்குவேன்" என்பது வரும். அது எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரையே மதிப்பெண் போடச் சொல்கிறோம்.

பயிற்சி அவருடைய அடுப்படியில்தான் நடக்க வேண்டும். இடது கை விழுந்திருந்தால் சிக்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. பால் பாக்கெட்டை ஆழமான பாத்திரத்துக்குள் நிறுத்திவிட்டால் ஒரு கையாலேயே மூலையை வெட்டலாம். இறுகிய ஃபில்டரைத் திருகுவதுதான் கடினம். அடியில் ஈரத்துணி விரித்து, இடது கையை ஃபில்டரின் மேல் பாரமாக வைத்து அழுத்தச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் டிகாக்‌ஷனை வீட்டார் இறக்கி வைக்கட்டும். மற்றதெல்லாம் அவர் வேலை. இடுக்கி வேண்டாம், கைப்பிடி வைத்த பாத்திரம் போதும். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. அடுப்புப் பக்கம் அது போகக் கூடாது. டம்ளரை ஏந்திக்கொண்டு நடக்கவும் வேண்டாம். மேடையருகே நாற்காலி போட்டு, அங்கேயே குடிக்கட்டும்.

வலது மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தும் இடப்பக்கம் கவனத்தில் ஏறாது. சர்க்கரை டப்பா அங்கேயே இருக்கும், "காணோமே" என்பார்கள். எரியும் இடது அடுப்பை அணைக்காமல் நகர்வதுதான் ஆபத்து. மேடையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் உறுதிப்படும்வரை பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

எங்களைப் பொறுத்தவரை, இதில் மிகக் கடினமான வேலை சும்மா இருப்பதுதான். அவர் வேலையின் நடுவில் தயங்கி நின்றால், ஆபத்து இல்லாதவரை, மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். பிறகு "அடுத்து என்னம்மா?" என்று கேட்கலாம். அதன் பிறகு விரலால் காட்டலாம். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது கடைசி. "நீங்க உக்காருங்க அத்தை, நான் போட்டுத் தரேன்" என்று மருமகள் பாசத்தோடுதான் சொல்வார். ஆனால் பிரச்சினையை அத்தையே கண்டுபிடித்துத் தீர்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும்.

சில வாரம் கழித்து அதே மதிப்பெண்களை மறுபடி கேட்கிறோம். 2 புள்ளி ஏறினாலே நல்ல முன்னேற்றம். ஒரு டம்ளர் தடுமாறாமல் வந்த பிறகே இரண்டாவது. பால் கூடினால் பாத்திரத்தின் கனமும் கூடும், ஊற்றும்போது மணிக்கட்டு நடுங்கும்.