ஏழு மணி மீட்டிங்

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற மீட்டிங் அது. முதல் தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். தாம்பரம் பக்கம் ஒரு சர்ச் வளாகம், பின்பக்கம் குழந்தைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிற அறை என்று போனில் சொல்லியிருந்தார்கள். சர்ச் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஒரு யோசனை, தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்று ஒரு பயம். டாஸ்மாக் வாசலில் அத்தனை வருஷம் பட்டப்பகலில் நின்றபோது வராத பயம் அது.

அதற்கு முந்தின கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நான் தினமும் குடித்தவன். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் கை நடுக்கம், சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. மூன்றாம் நாள் சுவரில் ஆட்கள் ஊர்வலம் போனார்கள். காத்து கருப்பு என்று அம்மா திருநீறு பூசினார். தம்பிதான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தினம் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14446க்கு அடிக்கலாம், அரசாங்கத்தின் இலவச எண்.

மருந்து நடுக்கத்தைக் குறைத்துவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வது என்பதற்கு மருந்து இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் ஒரு தாள் கொடுத்து, ஏஏ மீட்டிங் போங்க என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணையாக நிற்கிற குழு. தாளில் நான்கு முகவரி. முதலாவது ஒரு ஸ்கூல். "அவங்க போன வருஷமே இடத்தை மாத்திட்டாங்க சார்" என்று வாட்ச்மேன் ஒருமாதிரி பார்த்தார். இரண்டாவது எண்ணை யாரும் எடுக்கவில்லை. அதே எண்ணிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டு ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, தான் குடித்த கதையை மட்டும் சொன்னார். அவர் சொன்ன இடம்தான் இந்த சர்ச்.

திரும்பி வந்துவிட்டேன் என்று மறுநாள் ஒப்புக்கொண்டதும் சிரித்தார். "நான் மூணு தடவை திரும்பினேன் தம்பி. நாளைக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன், சேர்ந்து போவோம்."

உள்ளே பதினாலு பேர் இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடுகிற ஃபேன், ஒரு பிளாஸ்க் டீ. டீ ஊற்றியவர் எல்லோருக்கும் பேப்பர் கப் நிறைய ஊற்றிவிட்டு எனக்கு மட்டும் அரை கப் கொடுத்தார். புதுசு என்பதால் குறைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். கப்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் புரிந்தது. அந்தக் கை நடுக்கத்தில் முழுக் கப் என்றால் பாதி சட்டையில்தான் இருந்திருக்கும்.

ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை, முடித்தபிறகு அறிவுரையும் இல்லை. பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பிக்கிறார்கள். மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்ததை ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார். அடகுக் கடைக்காரரிடம் விட்ட பொய்யைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். அங்கே கேட்டது எதுவும் எனக்கு விடிந்தும் போகவில்லை.

சர்ச் வாடகைக்கு இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும், வாடகைக்கும் டீக்கும் முடிந்ததைப் போடலாம், முதல் நாள் என்னைப் போட விடவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியதாம் இது. குடியை விட இவர்கள் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார்தான், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி. எங்கள் குழுவில் ஒரு பெரியார்காரர் இருக்கிறார், இந்தக் குழுதான் என் கடவுள் என்பார்.

எனக்கு அங்கே பிடித்தது தத்துவம் இல்லை, நேரம். ஏழு முதல் எட்டரை. வேலை முடிந்து கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற அதே நேரம். சில நாள் மீட்டிங் படு போர். ஒருவர் அதே கதையை வாராவாரம் சொல்வார். அப்படியும் எட்டரைக்கு வெளியே வரும்போது பசி வந்திருக்கும், சாப்பிட்டுவிட்டால் அன்றைய கண்டம் தாண்டியது.

47ஆவது நாள் மச்சான் வீட்டு கிரகப்பிரவேசத்தில் குடித்தேன். ஒரு பீர்தானே என்று ஆரம்பித்து நான்கு நாள். மறுபடி டாக்டர், மறுபடி அந்த அறை. ஏன் குடித்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இன்று யாருக்காவது முதல் மீட்டிங்கா என்று கேட்டபோது, முதல் இல்லை, ஆனால் முதல் நாள் என்று கை தூக்கினேன். டீ மறுபடி அரை கப்.

எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள். நானே வேறு இரண்டு இடம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இங்கே நிலைத்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. என் மனைவி, குடிச்சது நீங்க, நான் எதுக்கு வரணும் என்று ஆறு மாதம் வரவில்லை. இப்போது வியாழக்கிழமை தவறாமல் போகிறாள். அங்கே என்ன பேசினீங்க என்று கேட்டால் சொல்வதில்லை. அன்றைக்கு தோசை நான் ஊற்றுகிறேன், முதல் இரண்டு பிய்ந்துவிடுகிறது.