தரைக்கு அடியில் இரண்டு பெட்டி

என் விமானத்தில் சாமான் வைக்க இடமே இல்லையா என்றால், இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஒரு தளம், 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ வரை ஏற்றலாம். இது இரண்டு பேர் தோள் இடித்துக்கொண்டு உட்காரும் வேன்ஸ் ஆர்வி-7, கிட்டாக, அதாவது பாகங்களாக வாங்கி டெக்சாஸில் என் வீட்டு கேரேஜில் நானே ரிவெட் அடித்துக் கட்டியது. பெரிய பைகள் பிரச்சினை இல்லை, அவற்றை வலை போட்டு இழுத்துக் கட்டிவிடலாம். சில்லறைதான் தொல்லை. இரண்டு குவார்ட் ஆயில், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப், ஸ்க்ரூடிரைவர், டார்ச், விமானத்தைத் தரையில் கட்டிப்போடும் கயிறும் முளையும். எல்லாம் ஒரு துணிப்பையில் கிடந்தன. ஒரு மே மாத மதியம், வெயிலில் காற்று குலுக்கி எடுத்தபோது, அந்தப் பைக்குள்ளிருந்து டார்ச் எழும்பி என் தோளைத் தட்டிவிட்டு முன்னால் போய், வால் சுக்கானைக் காலால் திருப்பும் ரட்டர் பெடல் பக்கம் விழுந்தது. காலால் தள்ளிவிட்டு இறங்கினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், மேலே ஒரு மூடி, மூடிக்கு ஒரு தாழ்ப்பாள்.

இடம் தேடினால் அது காலுக்குக் கீழேயே இருந்தது. சாமான் தளத்துக்கு அடியில் விலா எலும்பு மாதிரி நீளவாக்கில் தகடுகள் ஓடும், அவற்றுக்கு நடுவே காலி அறைகள். நடு அறையைத் தொடவே கூடாது. வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் தகட்டை இயக்கும் தள்ளுகம்பி அதற்குள்தான் வால் பக்கம் போகிறது, அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவர் போய் மாட்டிக்கொண்டால் மூக்கைத் தூக்கவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. இடது ஓரம், வலது ஓரம் இரண்டும் சும்மா கிடந்தன. நான் முதலில் நினைத்தது தளத்தில் சதுரமாக வெட்டி ஒரு மூடி போட்டுவிடலாம் என்று. பக்கத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) பெரியவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, விலாத் தகட்டில் ஒயர் போக விட்டிருந்த ஓட்டையை விரலால் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. ஓரத்து அறையில் போட்ட சாமான் அந்த ஓட்டை வழியாக உருண்டு நடு அறைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே வெறும் மூடி இல்லை, ஐந்து பக்கமும் அடைத்த முழுப் பெட்டி.

0.025 அங்குல அலுமினியத் தகட்டில் மடித்து, கிளீக்கோ என்கிற தற்காலிகப் பிடிப்பான் போட்டு நிறுத்தி, ரிவெட் அடித்தேன். தளத்தில் வெட்டிய ஓட்டையின் நான்கு மூலைகளையும் வளைவாக விட்டு, பிசிறை அரம் போட்டு எடுத்து, சுற்றிலும் அடியில் ஒரு பட்டைத் தகடு வைத்துப் பலப்படுத்தினேன். கூர்மையான மூலை இருந்தால் அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பெட்டியைத் தளத்தோடு ரிவெட் அடிக்கவில்லை, ஸ்க்ரூவிலும் நட்பிளேட்டிலும் (தகட்டோடு பதித்த நட்) தான் நிற்கிறது. 12 மாதத்துக்கு ஒரு முறை செய்யும் ஆய்வில் பெட்டியைத் தூக்கி எடுத்து அடியில் பார்க்க வேண்டும். கட்டியவனே ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கினால் அந்த ஆய்வைத் தானே செய்துகொள்ளலாம் என்பதால், இன்று சோம்பல்பட்டு ரிவெட் அடித்தால் நாளைக்கு அதை நோண்டி எடுக்கப்போவதும் நான்தான்.

இப்போது தாழ்ப்பாள். இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன். சமையலறை அலமாரிக் கதவு போல் டப்பென்று ஒட்டிக்கொள்ளட்டும் என்று மூடிக்கு நாலு பக்கமும் நியோடிமியம் காந்தம் வைத்தேன். பார்க்க அழகு, கொண்டி இல்லை, கைப்பிடி இல்லை. மறுநாள் ஓடுபாதையில் வரிசை பிடித்து நின்றால் திரை காட்டுகிற திசை ஓடுபாதை எண்ணோடு 12 டிகிரி ஒத்துப்போகவில்லை. பூமியின் காந்தத்தை வைத்துத் திசை காட்டும் சென்சார் வால் பக்கம், சாமான் தளத்துக்கு நேர் பின்னாலேயே இருக்கிறது. அதை அங்கே மாட்டியதும் இதே கைதான்! காந்தத்தை எல்லாம் பிய்த்தெறிந்தேன். அவை இருந்தாலும் குலுக்கலில் மூடி திறந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்புறம் போட்டது கால் சுற்றுத் திருகு, காம்லாக் வகை, எஞ்சின் மூடியில் வருமே அது. ஒரு மூடிக்கு இரண்டு, எதிர்ப்பக்கம் பியானோ கீல், அதாவது ஒரே கம்பி கோத்த நீளக் கீல். மடங்கும் சின்னக் கைப்பிடி இருப்பதால் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம் (ஸ்க்ரூடிரைவரே பெட்டிக்குள்தானே இருக்கிறது). திருகு முழுதாகத் திரும்பாவிட்டால் கைப்பிடி படுக்காது, ஆகவே சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தாங்குமா என்று பார்க்க ஒரு கணக்கு. ஆர்வி-7-இன் சாகச வரம்பு மேலே 6 ஜி, கீழே 3 ஜி (ஒரு ஜி என்றால் பொருளின் சாதாரண எடை அளவு விசை). சாமானோடு நான் குட்டிக்கரணம் போடப்போவதில்லை, இருந்தாலும் அந்த 3 ஜியையே எடுத்துக்கொண்டேன். பெட்டிக்கு 6 பவுண்டு என்று வைத்தால் மூடியை 18 பவுண்டு தள்ளும். பெட்டிக்குள் 20 பவுண்டு சோனாமசூரிப் பையை வைத்து மூடி, தலைகீழாகத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் மூடி அப்படியே இருந்தது. அரிசி எங்கே என்று வீட்டில் தேடியதைத் தவிர வேறு சேதமில்லை.

எடைதான் கடைசி வேலை. இரண்டு பெட்டியும் சேர்ந்து மூன்றரை பவுண்டு, விமானத்தை மறுபடி தராசில் ஏற்றி லாக்புக்கில் எழுதினேன். உள்ளே போவதெல்லாம் அந்த 100 பவுண்டுக்குள்தான் அடங்க வேண்டும், பெட்டி போட்டதால் ஒரு பவுண்டு கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இந்த விமானத்தில் ஈர்ப்பு மையம் நகர அனுமதி சுமார் 8 அங்குலம்தான், இறக்கையில் உள்ள பெட்ரோல் தீரத்தீர மையம் பின்னால் போகும். ஆகவே கிளம்பும்போது சரியாக இருக்கிற கணக்கு இறங்கும்போது சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது, டாங்க் காலியாக இருக்கும்போதும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து மணி நேரம் பறந்தாயிற்று. ஆயில் டப்பாவை ஜிப் பையில் போடாமல் வைத்து ஒரு முறை பெட்டியைக் கழுவினேன். போன வாரம் வலது மூடியின் கீல் கம்பி அரை அங்குலம் வெளியே நகர்ந்திருந்தது, அதிர்வுதான். நுனியில் துளை போட்டு சேஃப்டி ஒயரால் முறுக்கிவிட்டேன். இடதுபக்கக் கம்பி இன்னும் நகரவில்லை, ஆனாலும் சனிக்கிழமை அதற்கும் துளை போடப்போகிறேன்.