இரண்டு வரிக்குள் டோரா மார்

'பிக்காசோவின் காதலி' என்பதை அடித்து நீக்கியது நான்தான். அந்தப் பக்கம் மறுபடி என் மேசைக்கு வந்தாலும் அடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் லே-அவுட் தம்பி கேட்டது இன்னும் உறுத்துகிறது.

பிக்காசோவின் போர் எதிர்ப்பு ஓவியமான குவர்னிகா பற்றிய பக்கம் அது. 1937 மே, ஜூன் மாதங்களில் பாரிஸ் ஸ்டுடியோவில் ஓவியம் கட்டம் கட்டமாக வளர்ந்ததைப் படமெடுத்தவர் டோரா மார். முதலில் உயர்த்திய கை ஒன்று, இறுக மூடிய முஷ்டியோடு நிற்கிறது. பிந்தைய படங்களில் அதைக் காணோம். பிக்காசோ மனம் மாறியது டோராவின் கேமராவால்தான் நமக்குத் தெரிகிறது.

"பிக்காசோவின் காதலி டோரா மார் எடுத்த படம்" என்று கேப்ஷன் வந்திருந்தது. இடம் இரண்டே வரி. "புகைப்படக் கலைஞர் டோரா மார்" என்று மாற்றினேன். பிக்காசோவோடு பழகுவதற்கு முன்பே தன் தொழிலில் பெயர் வாங்கியவர் அவர். ஆணாக இருந்தால் யாருடைய காதலன் என்றா போடுவோம்?

தம்பி எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். 'அழும் பெண்', அதே 1937இல் டோராவை வைத்துப் பிக்காசோ வரைந்த ஓவியம்.

"மேடம், இதுவும் அவங்கதானே? காதலின்னு எடுத்துட்டா, படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் கட்டுரை இருக்கே" என்றேன்.

கட்டுரையில் இருந்தது பிக்காசோ வாழ்வில் வந்த பெண்களின் வெறும் பெயர்கள். ஓல்கா, மரி தெரேஸ், டோரா, பிரான்சுவாஸ், ஜாக்குலின் என்று ரயில் நிற்கும் ஊர்களைப் போல வரிசையாக. மரி தெரேஸுக்கு 17 வயதாக இருந்தபோது பிக்காசோவுக்கு 45 என்பது இல்லை. மரி தெரேஸ் 1977இலும் ஜாக்குலின் 1986இலும் தற்கொலை செய்துகொண்டது இல்லை. பிக்காசோவைப் பிரிந்துபோன பிரான்சுவாஸ் ஜீலோ அந்த வாழ்க்கையைப் பற்றி 1964இல் வெளியிட்ட நூலைத் தடுக்கப் பிக்காசோ வழக்குப் போட்டுத் தோற்றதும் இல்லை. அதையெல்லாம் சேர்ப்பது என் வேலையா? இல்லைதான். ஆனால் காதலியை எடுத்துவிட்டால் அழுகைக்குப் பிக்காசோ பொறுப்பாவதும் போய்விடுகிறதே.

அந்த ஓவியங்களில் இருப்பது தான் அல்ல, எல்லாம் பிக்காசோதான் என்று டோரா பின்னாளில் சொன்னதாகப் படித்திருக்கிறேன். அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? சரி, அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். எனக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

மூன்றாவது வரிக்கு இடம் வேண்டுமென்றால் டோராவின் படத்தைத்தான் குறைக்க வேண்டும். "மேல வெட்டினா முஷ்டி போயிடும் மேடம்" என்றான் தம்பி. கீழே வெட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பக்கம் கேட்டு அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது.