லாபிஸ் கல் வாங்கப் போகிறவர்கள் பஞ்சும் அசிட்டோனும் எடுத்துப் போங்கள்

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் வரும் தங்கமும் நீலமுமான முதலெழுத்து ஒன்றை அந்தக் காலத்துப் பொருட்களைக் கொண்டே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். கன்றுத்தோல் நல்லதாகவே கிடைத்தது. மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் சேர்த்த மையும் சொன்னபடி கேட்டது. உயிரை வாங்கியது நீலம்தான்; அதை லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லைப் பொடித்துத்தான் எடுக்க வேண்டும்.

லண்டனில் ஒரு கல் கடையில் ‘அசல் ஆப்கான் லாபிஸ்’ என்று கொடுத்தார்கள். விலையும் அசல் விலைதான். வீட்டில் இடித்தால் உள்ளே வெள்ளை வெளேர், என் விரலெல்லாம் நீலம். அசிட்டோன் தொட்ட பஞ்சால் மிச்சக் கல்லைத் தேய்த்தேன், பஞ்சு நீலமானது. ஏதோ வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுபோனால், “உடைச்ச கல்லை நாங்க எப்படி எடுத்துக்கிறது?” உடைக்காமல் தெரிவது எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

1411 புத்தாண்டுக்கு, சுவடி ஓவியர்களான லிம்பூர்க் சகோதரர்கள் தங்களுக்குப் படியளந்த பிரெஞ்சுப் பிரபு பெர்ரி கோமகனுக்கே, வெல்வெட் போர்த்திய மரக்கட்டையைப் புத்தகம் என்று பரிசளித்தார்கள். அந்தக் கட்டை அவருடைய சேகரிப்புப் பட்டியலிலும் ஏறியது. எனக்கு அவ்வளவு பெரிய மனசில்லை. 1485-ல் ஓவியர் கிர்லாந்தாயோவிடம் பலிபீட ஓவியம் கேட்ட ஃபிளாரன்ஸ் அநாதை இல்லத்தார், நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃபுளோரின் (அவர்கள் ஊர்த் தங்கக் காசு) மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அவர்கள்தான் விவரமானவர்கள்.

அடுத்த கல்லைப் பஞ்சு வைத்துத் தேய்த்துப் பார்த்தே வாங்கினேன். வெள்ளை நரம்பு அதிகம் ஓடினால் தொடாதீர்கள். நல்ல கல்லே ஆனாலும் பொடித்ததும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஓவியர்களுக்குக் கைநூல் எழுதிய பழைய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் கணக்கு: ஒரு பவுண்டு பொடிக்கு பைன் பிசின் 6 அவுன்ஸ், மாஸ்டிக் என்ற மரப்பிசின் 3, மெழுகு 3. உருக்கிப் பொடியோடு பிசைந்து உருண்டையாக்கி, குறைந்தது மூன்று நாள் ஊறவைத்து, வெதுவெதுப்பான சாம்பல் காரநீருக்குள் இரண்டு குச்சிகளால் அமுக்க வேண்டும். ஆறிப்போன மைசூர்பாகைப் பிசைவது மாதிரி மணிக்கட்டு விட்டுப்போகும். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று உருண்டையிலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கும் பாருங்கள், கத்தியே விட்டேன். முதல் கிண்ணத்தைத் தனியாக வையுங்கள், அதுதான் உயர்ந்த ரகம். கடைசிக் கிண்ணம் வெறும் சாம்பல் நிறம். கைப்பிடிக் கல்லுக்கு எனக்குத் தேறியது ஒரு தேக்கரண்டி.

பொடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்து இடுகாட்டில் கிடைத்த ஒரு இடைக்காலப் பெண்ணின் பல் காரையில் லாபிஸ் துகள் இருந்ததாக 2019-ல் ஆய்வு வெளியானது. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கியிருப்பார் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

வண்ணத்துக்கு முன் தங்கம் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் தங்கத்தாள் வண்ணத்திலும் அப்பிக்கொள்ளும். அடியில் பூசிய ஜெஸோ என்ற சுண்ணப் பசை, குழாய் வழியாக ஊதும் மூச்சு ஈரத்தில் இளகினால்தான் பிடிக்கும். ஹீட்டர் ஓடிய அறையில் எவ்வளவு ஊதியும் தாள் பறந்ததுதான் மிச்சம். ஹீட்டரை அணைத்துவிட்டு, மழை பெய்த ஒரு காலையில் ஊதினேன். கப்பென்று பிடித்தது. அகேட் கல்லால் தேய்த்ததும் என் மூக்கே அதில் தெரிந்தது. ஆனால் அதே ஈரத்தில் தோல் சுருளும், முன்கூட்டியே பலகையில் இழுத்து ஒட்டிவிடுங்கள். நீலத்தை மட்டும் மேலும் நைஸாக அரைக்க ஆசைப்படாதீர்கள். அரைக்க அரைக்க வெளுக்கும்.